எங்கள் பாஸ்டர் ஓய்வில் இருக்கிறார்

ஜூன் 3

என் வாத்தியாரம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அக்கா மாடி அறையை எனக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிறது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மூன்று மாதம் இப்படியே இருக்க வேண்டுமாம்.

இதில் நீயும் கூட்டு என்பதை நான் மறக்கவில்லை. பதினெட்டு வருடமாக அந்தச் சபையின் போதகராக இருக்கிறேன். காய்ச்சலோடு பிரசங்கம் செய்திருக்கிறேன். என் அப்பா இறந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்றேன். விடுப்பு என்று ஒரு ஞாயிறும் எடுத்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியவன் நான். ஒரே ஒரு கல்யாணத்தில் வாய் தவறிவிட்டது. புத்தகத்தில் பக்கம் மாறி, மணமக்களுக்கு வாசிக்க வேண்டியதை விட்டுவிட்டு அடக்க ஆராதனையில் வாசிப்பதை இரண்டு வரி வாசித்துவிட்டேன். உடனே திருத்திக்கொண்டேன். மணப்பெண்ணின் அம்மா அழுதார் என்று வீடு தேடிப் போய் மன்னிப்பும் கேட்டேன். அதற்காக ஒரு ஆளை ஊரைவிட்டே அனுப்புவார்களா?

ஓய்வு என்று அழகாகப் பேர் வைத்திருக்கிறீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

என் போனையாவது பார்சலில் அனுப்பி வை. பெரிய டீச்சருக்குப் பரிசோதனை முடிவு வந்திருக்கும். பாடகர் குழுவில் நடக்கும் சண்டை பாதியில் நிற்கிறது. நான் அங்கே இல்லாமல் எதுவும் நகராது என்று உனக்கே தெரியும்.

கோபமாகத்தான் இருக்கிறேன். மற்றபடி சுகம்.

உன் கணவன்


ஜூன் 9

போதகர் அவர்களுக்கு,

கோபமாக இருக்கிறவருக்கு இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

போன் வராது. அது என் கைப்பையில் இருக்கிறது. அது அடிக்கிற அடியைப் பார்த்து, நான் ஏதோ வியாபாரம் தொடங்கிவிட்டேன் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் கூடத்துச் சாவி எங்கே என்று கேட்கிறார். ஒருவர் பக்கத்து வீட்டு மரக்கிளை தன் கூரைமேல் விழுகிறது, பாஸ்டர் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் வெட்டிவிடுவார்கள் என்கிறார். இன்னொருவர் மகனுக்கு எந்த மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று கேட்கிறார். இதையெல்லாம் நீங்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: பாஸ்டர் ஓய்வில் இருக்கிறார், சாவி ஆணியில் தொங்குகிறது.

சபைக்குழு கூடிய அன்று உங்களை வெளியே உட்கார வைத்தார்கள். அவமானம் என்று நினைத்து, உள்ளே என்ன நடந்தது என்று நீங்கள் கடைசிவரை கேட்கவே இல்லை. கேளுங்கள்.

பெரிய டீச்சரை நான்தான் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பேச வேண்டும் என்றார். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தபோது அவர் வகுப்புக்குள் நுழைந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே அடங்கியது கூட்டம்.

"போன வாரம் பாஸ்டர் எனக்கு ஜெபம் பண்ண வந்தார்" என்று ஆரம்பித்தார். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடினார். ரொம்ப நேரமா சத்தமே இல்லை. சரி, மௌன ஜெபம்னு நானும் கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம் குறட்டை வந்துச்சு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நோயாளி நான். என் போர்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன். முழிச்சதும் எங்கே இருக்கோம்னே அந்த மனுஷனுக்குத் தெரியலை. தூக்கத்துல எழுப்பின குழந்தை மாதிரி மிரள மிரளப் பார்த்தார். கல்யாணத்துல நடந்ததுக்கு அவரைக் குறை சொல்றீங்க. அவரை இப்படித் தேய விட்டது யாரு? நாமதான். அனுப்புங்க. சம்பளத்தோட அனுப்புங்க. தப்பு பண்ணினவரை அனுப்புற மாதிரி இல்லாம, மரியாதையா அனுப்புங்க."

ஒரு கைகூடக் கீழே இல்லை. உங்களைத் தண்டிக்கவில்லை. உங்களுக்காக முழுச் சபைக்குழுவும் கை தூக்கியது. பஸ் ஓட்டுகிற நம் செயலாளர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் இதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த மிடுக்கை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "நம்ம பாஸ்டரை நாம ஓய்வுக்கு அனுப்பியிருக்கோம். இந்தப் பக்கத்துல எந்தச் சபையும் இதுவரைக்கும் இதைப் பண்ணதில்லை" என்றார். மறுநாள் சபையின் கேட்டில், 'எங்கள் பாஸ்டர் ஓய்வில் இருக்கிறார்' என்று ஒரு பலகையே எழுதி மாட்டிவிட்டார். எழுத்துப் பிழை இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

டீச்சரின் முடிவு நல்லதாக வரவில்லை. ஆனால் என் கையெழுத்து கெட்டுப்போய்விட்டது என்று நேற்றுத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார். கவலைப்படாமல் தூங்குங்கள்.

உங்கள் வாத்தியாரம்மா


ஜூன் 28

என் வாத்தியாரம்மாவுக்கு,

தூங்கினேன். முதல் இரண்டு வாரம் ஞாயிறு ஆராதனைக்குப் போனதைத் தவிர வேறு எதுவுமே செய்யவில்லை. இடையில் அக்கா வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாளாம். பிறகு ஒரு நாள் பசியோடு எழுந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் கூப்பிடவில்லை. அது எவ்வளவு விசித்திரமாக இருந்தது தெரியுமா? வாயில் போட்டதன் ருசி தெரிந்தது.

பகலில் அத்தானோடு படகு இன்ஜின் பட்டறைக்குப் போகிறேன். அவர் பேச்சில் கஞ்சர். "பெரிசு", "சின்னது" என்பார், நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். நேற்று ஒரு இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினோம். அது கிளம்பி ஓடியது. பதினெட்டு வருடத்தில் நான் தொட்ட ஒரு வேலை அன்றைக்கே முடிந்து, சரியாகிவிட்டது என்று கண்ணால் பார்த்தது இதுதான் முதல்முறை. சின்னப் பையன் மாதிரி அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள சபையில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். நான் யார் என்று யாருக்கும் தெரியாது. முதல் வாரம் அந்த இளம் போதகரின் பிரசங்கத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம், வெளியே நிறுத்தியிருந்த வண்டிகள் வழியை மறிக்கின்றனவே என்று கவலைப்பட்டேன். அது என் கவலையே இல்லை. போன வாரம் பாட்டு ஆரம்பித்தபோது எந்த நினைப்பும் இல்லாமல் பாடினேன். பாட்டு முடிந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். எத்தனையோ பேருக்கு நான் கைக்குட்டை நீட்டியிருக்கிறேன். எனக்கு ஒருவர் நீட்டியது இப்போதுதான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. சபையார் நடுவில் ஜெபித்தால் வார்த்தை தங்குதடையில்லாமல் வரும். தனியாக முழங்காலிட்டால் சில மாதங்களாகவே ஒன்றும் வராமல் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிடுவேன். போதகனுக்கே இப்படியா என்று கேட்பார்களே என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்று பாடிவிட்டு வந்து அறையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் வந்தது. நீளமாக ஒன்றும் இல்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

பெரிய டீச்சரிடம் சொல், அவர் போர்த்திவிட்ட மீதித் தூக்கத்தை இங்கே தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று. நான் வந்து ஒழுங்காகக் கண்ணைத் திறந்துகொண்டு அவருக்காக ஜெபிப்பேன். காத்திருக்கச் சொல்.

உன் கணவன்


ஜூலை 19

என்னங்க,

உட்கார்ந்து படியுங்கள்.

பெரிய டீச்சர் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலையில், என் கண் முன்னால், வலி இல்லாமல் போனார். புதன்கிழமை அடக்கம் செய்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன். அக்கா வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போடவில்லை.

திங்கட்கிழமை நான் அவரிடம் கேட்டேன், பாஸ்டரைக் கூப்பிடட்டுமா என்று.

"கூப்பிட்டா வருவாரா?"

"உடனே வருவார் டீச்சர்."

"அதனாலதான் வேண்டாம்ங்கறேன். என்னை அடக்கம் பண்ண வருவார். வந்தது வந்தாச்சுன்னு இங்கேயே இருந்துடுவார். மறுநாள் காலையில சாவி எங்கேன்னு ஒருத்தன் வந்து நிப்பான். நான் கை தூக்கி வாங்கிக் கொடுத்த ஓய்வும்மா அது. அதை நானே கெடுத்துட்டுப் போகணுமா?"

உங்கள் கடிதத்தில் அவருக்காக எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார். நான் சொன்னதாகச் சொல், நன்றாகத் தூங்கட்டும் என்றார்.

பக்கத்துச் சபையின் போதகர் அன்றைக்கு வேறொரு அடக்கத்தை நடத்தப் போயிருந்தார். ஆகையால் நம் சபையாரே நடத்தினார்கள். செயலாளர் அண்ணன் பஸ்ஸுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்று, ஆராதனைப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். முதல் பக்கத்தில் வரியின்கீழ் விரல் வைத்து வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை எடுத்துவிட்டார். ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளாத பாடகர் குழுக்காரர்கள் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். எங்கள் பள்ளியில் படித்து வளர்ந்த பெண்கள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். டீச்சர் கேட்டுக்கொண்டது அது. ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை.

நான் நிமிர்ந்து நின்றேன். அழுதேன், ஆனாலும் நிமிர்ந்து நின்றேன். இது நம் சபை என்று.

உங்கள் வாத்தியாரம்மா


ஜூலை 23

உன் கடிதம் வந்தது.

படித்து முடிப்பதற்கு முன்பே பையில் துணிகளைத் திணித்தேன். அக்கா வாசலில் நின்று, "அடக்கம் முடிஞ்சிடுச்சேடா, யாரைப் பார்க்கப் போறே?" என்றாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பை இன்னும் கட்டில்மேல் அப்படியே கிடக்கிறது.

அந்த அம்மாளுக்காக ஜெபிக்கப் போய்த் தூங்கினவன் நான். அவரை வழியனுப்பவும் நான் இல்லை. அந்தத் தீர்மானத்தை என்னிடம் விடாமல் நீங்களே எடுத்துவிட்டீர்கள். மூவரும் சேர்ந்து, நீ, அவர், செயலாளர் அண்ணன்.

தடங்கல் ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் இல்லாமல் அடக்கம் நடக்கிறது. நான் இல்லாமல் சண்டைக்காரர்கள் சேருகிறார்கள். அப்படியானால் நான் எதற்கு? வேலையை விட்டுவிடுகிறேன் என்று சபைக்கு எழுதலாமா என்று யோசிக்கிறேன். அத்தான் பட்டறையில் ஒரு ஆள் குறைகிறது என்கிறார்.


ஜூலை 27

என்னங்க,

வேலையை விடுவதானால் விடுங்கள். பட்டறைக்காரர் மனைவியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தப்பான காரணத்துக்காக விடாதீர்கள்.

நான் போன் போடாததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் போட மாட்டேன். உங்கள் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன். நீங்கள் ஒருநாள் மேடையிலேயே சரிந்துவிழ, சபையார் எல்லோரும் கண்ணீரோடு வந்து, கடைசிவரை உழைத்தார் என்று என்னிடம் சொல்வதை நான் தாங்க மாட்டேன். இந்த இரண்டு வருடமாக நீங்கள் மேடைப் படியேறும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். ஆகையால் டீச்சரிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

நான் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன், அழுகை வந்துவிட்டது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குச் செயலாளர் அண்ணன் எல்லோருக்கும் முன்பே போய்விட்டார். நான் போனபோது அவர் குழி தோண்டுகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டார். பிறகு டீச்சரின் தங்கைக்குப் பக்கத்தில் போய், ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்தார். எங்கே அண்ணா இதெல்லாம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரி போன அன்னைக்கு பாஸ்டர் இப்படித்தாம்மா பண்ணார்" என்றார். "அவர் சொன்ன ஜெபம் எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்துல உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கு."

பள்ளியில் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பரீட்சை அறைக்குள் நான் போக முடியாது. பிள்ளைகள் தாங்களாகவே எழுதிவிட்டு வெளியே வந்து, எல்லாம் போட்டுவிட்டோம் டீச்சர் என்று சொல்லும்போது, அப்படியானால் நான் எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாது.

பையைக் கட்டிலிலிருந்து இறக்கி வையுங்கள். துணி கசங்கும்.

உங்கள் வாத்தியாரம்மா


ஆகஸ்ட் 21

என் வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் எதுவும் எழுத முடியவில்லை. எழுதாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய். அந்த வாரம் துறைமுகத்துச் சுவர்மேல் உட்கார்ந்து பெரிய டீச்சருக்காக நான் தனியாக ஒரு அடக்க ஆராதனை நடத்தினேன். கையில் புத்தகம் இல்லை, பக்கம் மாறவும் இல்லை.

இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் போதகர் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அக்காவின் வாய்தான், வேறு யார்? இங்குள்ள இளம் போதகர் பட்டறைக்கே வந்துவிட்டார். வரும் ஞாயிறு ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும், மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்றார். முன்பானால் அவர் கேட்டு முடிப்பதற்குள் தலைப்பே கொடுத்திருப்பேன். கைத்துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டு, "முடியாது தம்பி. நான் ஓய்வுல இருக்கேன்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இல்லை.

அவர் போகவில்லை. அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கைக்குழந்தை இருக்கிறதாம், அதன் முகத்தை ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்துதான் சரியாகப் பார்க்கிறாராம். இந்த மாதத்தில் ஒரு நாளாவது வீட்டில் இருந்தீர்களா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் கேட்டுக்கொண்டு அவருடைய சபைக்குழுவைப் பார்க்கப் போனேன். பிரசங்கம் செய்ய மாட்டேன் என்றவன் அன்று ஒரு மணி நேரம் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள். போதகருக்கும் உடம்பு உண்டு என்றேன். ஒரே நாளில் காலையில் சாவு வீட்டிலும் மத்தியானம் கல்யாண வீட்டிலும் நிற்கிற மனதுக்கு இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கலந்துபோகும் என்றேன். எனக்குக் கலந்துபோன கதையைச் சொன்னேன். குறட்டை விட்ட கதையையும் விடவில்லை. அவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார், கொஞ்சம் கிண்டலாகத்தான்: "நீங்க சொல்றது சரி. நீங்க எப்போ ஓய்வு எடுத்தீங்க?"

"இப்போ எடுத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். "நானா எடுக்கலை. எனக்கு அந்த அறிவு இல்லை. என் சபை என்னை அனுப்பினாங்க. சம்பளத்தோட, மரியாதையோட. நான் இல்லாதப்போ எங்க மூத்த அங்கத்தினர் ஒருத்தரை அவங்களே அடக்கம் பண்ணாங்க. ஒரு பஸ் ஓட்டுநர் நின்னு நடத்தினார். எங்க பள்ளிக்கூடத்துப் பெண்கள் பெட்டியைத் தூக்கினாங்க. எனக்குத் தகவல்கூட அனுப்பலை. அப்படிப்பட்ட சபை என்னோடது."

அப்போதுதான் என் நெஞ்சு நிமிர்ந்திருப்பதைக் கவனித்தேன். ஒரு ஞாயிறும் விடுப்பு எடுத்ததில்லை என்று சொல்லி நிமிர்த்துவேனே, அப்போதெல்லாம் உள்ளே ஒரு பயம் இருக்கும். இப்போது அது இல்லை.

அந்தத் தம்பிக்கு ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். மனைவியும் குழந்தையும் கூடப் போகிறார்கள்.

மாதக் கடைசியில் என் ஓய்வு முடிகிறது. ஒரு நாள் முன்பாகவும் வர மாட்டேன், ஒரு நாள் பின்பாகவும் வர மாட்டேன். வேலையை விடவும் இல்லை. அத்தானுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "பரவால்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வாழ்த்து.

செயலாளர் அண்ணனிடம் ஒன்று கேட்டுச் சொல். வந்த முதல் ஞாயிறு நான் மேடை ஏற வேண்டாம். அவரே ஆராதனையை நடத்தட்டும், கீழே இருந்து நான் கேட்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாம் இருவரும் ஒரு ஆராதனையில்கூட ஒன்றாக உட்கார்ந்ததில்லை. நான் மேலே நின்றேன், நீ கீழே தனியாக இருந்தாய். பாட்டில் உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு உன் பக்கத்தில் இடம் வேண்டும்.

உன் கணவன்


ஆகஸ்ட் 25

என்னங்க,

செயலாளர் அண்ணனிடம் சொன்னேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, சரி என்றார். வீட்டில் சத்தமாகப் படித்துப் பழகுகிறாராம், அவர் மகள் சொன்னாள்.

நான் எப்போதும் ஓரமாகத்தான் உட்காருவேன், யாராவது கூப்பிட்டால் எழுந்து போக வசதியாக. அன்றைக்கு ஓரம் வேண்டாம். நடு வரிசையில், நடுவில் உட்காரலாம். பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல துணியை எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் தாமதமாகவே போவோம், எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு. வாசலிலிருந்து அந்த நடு வரிசைவரைக்கும் உங்கள் கூட நடந்து வர வேண்டும் எனக்கு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் வாத்தியாரம்மா